மார்கழிக் குளிரில் ஆர்லாண்டோவின் திறந்தவெளி நீர்ப்பூங்காவுக்குப் போகலாமா?

எடிசன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில் வசிக்கிறோம். பள்ளி விடுமுறையை ஒட்டி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் புறப்பட்டு ஒரு வாரம் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் தங்குவதற்கு விமானச் சீட்டும் விடுதியும் எடுத்துவிட்டோம். மகளுக்குப் பத்து வயது. மகனுக்கு ஐந்து வயது. ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் என் மாமனாரும் மாமியாரும் உடன் வருகிறார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்தைச் சேர்ந்த அவர்கள் இருவரும் எழுபதை நெருங்குபவர்கள்.

பிள்ளைகள் மற்ற எல்லாவற்றையும் விட நீர்ப்பூங்காவையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வோல்கேனோ பே, டைஃபூன் லகூன் ஆகிய இரண்டின் காணொளிகளையும் பார்த்துப் பார்த்து, எந்தச் சறுக்கில் முதலில் ஏறுவது என்பது வரை முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்மாதங்களில் குளங்களைச் சூடாக்குவதாக அந்தப் பூங்காக்கள் தெரிவித்திருப்பதைப் படித்தேன். ஆனால் நீர் சூடாக இருந்தாலும் காற்று குளிர்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. மகனுக்குக் குளிர்காலத்தில் அவ்வப்போது இளைப்பு வரும். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை எப்போதும் கையோடு வைத்திருக்கிறோம். மாமியாரோ, மார்கழி மாதத்தில் பிள்ளைகளை நாள் முழுவதும் தண்ணீரில் விட்டால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும், காய்ச்சலில் கொண்டுபோய் விடும் என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார். அதை வெறும் பயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாரத்தில் அங்கே தட்பவெப்பம் எப்படி இருக்கும், நுழைவுச்சீட்டை இப்போதே வாங்கிவிடலாமா, எதையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும், பெரியவர்களை என்ன செய்வது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கிஸ்ஸிமிக்காரர்

வணக்கம் சகோதரி. ஆர்லாண்டோவுக்குத் தெற்கே கிஸ்ஸிமியில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். போகலாம். ஆனால் எந்த நாளில் போவது என்பதை இன்றைக்கே முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

டிசம்பர் இறுதியில் இங்கே பகலின் உச்ச வெப்பம் சராசரியாக 22, 23 டிகிரி செல்சியஸ் என்று எல்லா இணையதளங்களும் காட்டும். அந்தச் சராசரியை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அந்த 23 டிகிரி என்பது 27 டிகிரி நாள்களையும் 14 டிகிரி நாள்களையும் கூட்டி வகுத்ததில் கிடைப்பது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று முகப்புகள், அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்புகள், ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வருகின்றன. முகப்பு வருவதற்கு முந்தைய நாள் தென்காற்று வீசி, புழுக்கமாக, கோடையைப்போல் இருக்கும். பிறகு ஒரு மழை வரிசை கடந்து போகும். அதற்கு அடுத்த நாள் வானம் துடைத்து வைத்ததுபோல் நீலமாக இருக்கும்; வடமேற்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும்; நண்பகலிலும் வெப்பநிலை 15 டிகிரியைத் தாண்டாமல் போகலாம். வெளியூரிலிருந்து வருபவர்கள் விடுதியின் சன்னல் வழியே அந்த வெயிலைப் பார்த்துவிட்டு நீச்சல் உடையோடு கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாள்களில் காற்று திரும்பி மறுபடியும் சூடு ஏறிவிடும். நீங்கள் ஒரு வாரம் தங்குவதால் உங்களுக்கு நல்ல நாள் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அந்த நாளுக்காக மற்ற நிகழ்ச்சிகளை இடம் மாற்றிக்கொள்ளும்படி திட்டத்தை நெகிழ்வாக வைத்திருங்கள்.

நீர் சூடாக இருக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். டிஸ்னியின் பூங்காக்களும் யுனிவர்சலின் வோல்கேனோ பேயும் குளிர்மாதங்களில் குளங்களைச் சூடாக்குகின்றன என்பது உண்மையே. குளிர்ந்த காலையில் கதவு திறந்தவுடன் உள்ளே போனால் நீர்ப்பரப்பின் மேல் ஆவி தவழ்வதைக் கண்ணால் பார்க்கலாம். உயிர்காப்பாளர்கள் காது வரை மூடிய தொப்பியும் தடித்த மேற்சட்டையும் அணிந்து நிற்பார்கள், அவர்களுக்கு எதிரே பிள்ளைகள் கழுத்தளவு நீரில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நீருக்குள் இருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை.

தொல்லை எல்லாம் நீரை விட்டு வெளியே வந்த பிறகுதான். தோலில் ஒட்டிய ஈரம் ஆவியாகும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பத்தை உடலிலிருந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. கோடையில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று ஆவதும் இதே விதிப்படிதான். காற்று உலர்ந்ததாகவும் வேகமானதாகவும் இருந்தால் ஆவியாதல் விரைவாகும். குளிர்முகப்புக்கு அடுத்த நாள் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும். இப்போது நீர்ச்சறுக்கு எப்படி இயங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்: நனைந்த உடலோடு கோபுரத்தின் படிகளில் ஏறி, காற்று தடையின்றி வீசும் உயரத்தில் வரிசையில் நின்று, சில நொடிகள் சறுக்கிக் கீழே வந்து, மறுபடியும் ஏற வேண்டும். வோல்கேனோ பேயின் கோஓகிரி சறுக்கில் மட்டும் 125 அடி செங்குத்தாக இறங்குகிறார்கள் என்றால், அத்தனை உயரத்துக்கும் ஈரத்தோடு படியேறியாக வேண்டும். ஆகவே நாள்காட்டியையோ நீரின் வெப்பத்தையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். காற்றின் வேகத்தையும் வெயிலையும் பாருங்கள்.

என் குடும்பத்தில் நாங்கள் வைத்திருக்கும் அளவைச் சொல்கிறேன். அன்றைய உச்ச வெப்பம் 24 டிகிரி செல்சியஸ், அதாவது 75 ஃபாரன்ஹீட்டைத் தொடும் என்று முன்னறிவிப்பு சொல்லி, காற்றும் மணிக்கு பத்து மைலுக்குள் இருந்தால் தயங்காமல் போவோம். 21க்கும் 24க்கும் இடையில் என்றால், மேகமில்லாமலும் காற்று அடங்கியும் இருக்கும் நாளில் மட்டும், அதுவும் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை மட்டும் போவோம். 20 டிகிரிக்குக் கீழே என்றால் சிறு பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. டிசம்பர் கடைசியில் இங்கே மாலை ஐந்தரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும். மூன்று மணிக்கு மேல் கோபுரங்களின் நிழல் நடைபாதைகளில் நீண்டு விழத் தொடங்கும், அந்த நிழலுக்கும் வெயிலுக்கும் உள்ள வேறுபாட்டை ஈர உடம்பு உடனே உணரும்.

இரண்டு பூங்காக்களில் எது என்று கேட்டால், குளிர்காலத்துக்கு வோல்கேனோ பேயையே சொல்வேன். அங்கே வரிசைக்கான கைப்பட்டை ஒன்றைத் தருகிறார்கள். சறுக்கின் அடியில் அதைத் தொட்டுவிட்டால் உங்கள் முறை வரும் வரை அலைக்குளத்திலோ ஓடும் ஆற்றிலோ சூடாக்கிய நீரில் இருக்கலாம். மிதவைகளை நகரும் பட்டையே மேலே கொண்டுபோய்விடுவதால் ஈரத்தோடு அவற்றைச் சுமந்து நிற்க வேண்டியதும் இல்லை. டைஃபூன் லகூனின் அலைக்குளம் அழகானது, அதன் அலைகள் ஆறடி வரை எழும். ஆனால் அந்த அலை தலையோடு நனைத்துவிடும் என்பதை மாமியார் விரும்பமாட்டார். மேலும் டிஸ்னி நிறுவனம் தன் இரு நீர்ப்பூங்காக்களில் ஒன்றைப் பெரும்பாலும் குளிர்காலத்தில் பராமரிப்புக்காக மூடிவைக்கும். டைஃபூன் லகூன்தான் வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்குமுன் அந்த வாரம் திறந்திருப்பது எது என்று பார்த்துவிடுங்கள்.

நுழைவுச்சீட்டை இப்போது வாங்காதீர்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் மற்ற கேளிக்கைப் பூங்காக்கள் நிரம்பி வழியும். நீர்ப்பூங்காக்களில் அந்த நெருக்கடி இருப்பதில்லை. மூன்று நாள் முன்னறிவிப்பு தெளிவானபின் வாங்கினால் போதும். கடுங்குளிர் வந்தால் பூங்காவையே மூடிவிடுவார்கள். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் வட அமெரிக்காவைப் பிடித்த பெருங்குளிர் இந்தப் பகுதியை உறைநிலை வரை இறக்கியபோது அப்படித்தான் நடந்தது. அவ்வாறு மூடினால் பணம் திரும்ப வருமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்ற விதியை வாங்குமுன் ஒரு முறை முழுவதுமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

செவிலி

எடிசன்வாசிக்கு வணக்கம். நான் குழந்தைகள் நலப் பிரிவில் பணியாற்றும் செவிலி. மேலே எழுதிய ஐயா சொன்ன காற்றின் கணக்கு முழுவதும் சரி. பிள்ளைகளின் உடல் குறித்துச் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவன் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு பெரியவர்களை விட அதிகம். அதனால் அதே நீரில், அதே காற்றில், அக்காவை விடவும் உங்களை விடவும் அவன் உடல் விரைவாகக் குளிர்ந்துவிடும். சூடாக்கப்பட்ட நீச்சல் குளம் கூட நம் உடலின் வெப்பத்துக்கு ஈடாக இருப்பதில்லை. அசையாமல் நீரில் இருக்கும் ஒருவருக்கு உடல் வெப்பம் குறையாமல் இருக்க நீர் 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். நீர்ப்பூங்காக்களின் நீர் அந்த அளவுக்கு வெகு கீழே. விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் பிள்ளை குளிர்கிறது என்று தானாகச் சொல்லமாட்டான். அவனைக் கேட்காதீர்கள், பாருங்கள். உதட்டோரம் நீலம் பாய்வது, பல் கிட்டுவது, அதுவரை கத்தி விளையாடியவன் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டு கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நிற்பது ஆகிய எது தெரிந்தாலும் உடனே வெளியே எடுத்து, ஈர உடையை முழுவதும் கழற்றி, துடைத்து, உலர்ந்த உடை போட்டுவிடுங்கள். ஈர உடையின் மேலேயே துண்டைப் போர்த்தி உட்கார வைப்பதை எல்லோரும் செய்கிறார்கள். அதனால் பயன் மிகக் குறைவு, சிறிது நேரத்தில் துண்டும் நனைந்துவிடும்.

இளைப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். குளிர்ந்த, உலர்ந்த காற்றை ஓடியாடி வேகமாக உள்ளிழுக்கும்போது மூச்சுக்குழல்கள் சுருங்குவது இத்தகைய பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவது. நீங்கள் புறப்படுமுன் அவனுடைய மருத்துவரிடம் இந்தப் பயணத்தைச் சொல்லி, விளையாடுவதற்கு முன்பே இன்ஹேலர் எடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஹேலரை லாக்கரில் பூட்டிவைத்துவிட்டுக் குளத்துக்குப் போகாதீர்கள். நீர் புகாத சிறு பையில் போட்டுப் பெரியவர் ஒருவர் தம்மோடு வைத்திருக்க வேண்டும்.

உங்கள் மாமியார் சொன்னதையும் நான் மதிக்கிறேன். சளியையும் காய்ச்சலையும் உண்டாக்குபவை வைரஸ்கள்தாம். ஈரத் தலையால் மட்டும் அவை வந்துவிடுவதில்லை. ஆனால் ஈரத் தலையோடு காற்றில் நிற்கும் பிள்ளை விரைவில் குளிர்ந்துபோவான், காதுக்குள் நீர் தங்கினால் காதுக் குழாயில் தொற்றும் வரலாம். எனவே வெளியே வந்தவுடன் முதலில் தலையைத் துவட்டுங்கள், தலையைச் சாய்த்துக் காதில் நீர் வடிய விடுங்கள், காதுகளை மூடும் தொப்பி ஒன்று போட்டுவிடுங்கள். அத்தைக்கு மன நிறைவும் கிடைக்கும், பிள்ளைக்கும் அதுவே நல்லது.

உடை: பருத்திச் சட்டை வேண்டாம், அது நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். நீச்சலுக்கென்று விற்கும் முழுக்கை மேலாடை நல்லது. மெல்லிய நியோப்ரீன் (நுரை ரப்பர்) உடை அதைவிட நல்லது. ஆனால் உலோக ஜிப்பும் பொத்தானும் உள்ள உடைகளைச் சறுக்குகளில் விடமாட்டார்கள், ஆகவே அவை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு துண்டுகள் வேண்டும்; ஒன்று இடையில் துடைக்க, மற்றொன்றைக் கடைசி வரை உலர்ந்த பையிலேயே வைத்திருக்க. குளிர்ந்த சிமெண்டு நடைபாதைக்கு நீரில் போடும் காலணிகளும், குடுவையில் சூடான பாலும் உதவும். வெளி உணவை உள்ளே விடும் விதி பூங்காவுக்குப் பூங்கா மாறும், அதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்சிசிட்டி

நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் வேறு கருத்து உடையவன். நீங்கள் இருப்பது எடிசனில். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில், அமெரிக்கன் ட்ரீம் வணிக வளாகத்துக்குள், 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட ட்ரீம்வொர்க்ஸ் நீர்ப்பூங்கா இருக்கிறது. முழுவதும் கூரைக்குக் கீழே இருப்பதால் வெளியே பனி கொட்டினாலும் உள்ளே கோடை வெப்பம்தான். பிள்ளைகளுக்கு வேண்டியது சறுக்கும் அலைக்குளமும் என்றால் அதை ஏதாவது ஒரு சனிக்கிழமை அங்கேயே கொடுத்துவிடலாம். ஃபுளோரிடாவில் ஒரு நாளின் விலை அதிகம். விமானம், விடுதி, வாடகை வண்டி எல்லாவற்றையும் வகுத்துப் பார்த்தால் அந்த நாளை நடுங்கிக்கொண்டு கழிக்க எனக்கு மனம் ஒப்பாது. முன்னறிவிப்பைப் பார்த்து நாளை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிது, மற்றப் பூங்காக்களின் சீட்டுகள் பெரும்பாலும் தேதியிட்டவை அல்லவா? ஆறு பேர் கொண்ட குடும்பம் காலையில் எழுந்து திட்டத்தை மாற்றுவது நடைமுறையில் எவ்வளவு கடினம் என்பதையும் எண்ண வேண்டும்.

செவிலி

ஜெர்சிசிட்டி சொல்வதில் செலவு பற்றிய பகுதியை ஏற்கிறேன். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு உள்ளரங்கு நீர்ப்பூங்காவை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கமாட்டேன். குளத்து நீரில் உள்ள குளோரின், மனிதர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் வினைபுரிந்து குளோரமின் என்னும் வாயுப் பொருள்களை உண்டாக்குகிறது. திறந்தவெளியில் காற்று அவற்றைக் கொண்டுபோய்விடும். மூடிய கூரைக்குக் கீழே காற்றோட்டம் போதாத நேரத்தில், முக்கியமாகக் கூட்டம் மிகுந்த விடுமுறை நாளில், அவை நீர்ப்பரப்பை ஒட்டித் தங்கிவிடும். கண் எரிச்சலுக்கும், இளைப்பு உள்ள பிள்ளைகளின் இருமலுக்கும் அது காரணமாகிறது. போகக் கூடாது என்று சொல்லவில்லை. உள்ளே நுழைந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் மகனை அதிக நேரம் அங்கே வைத்திருக்க வேண்டாம் என்று சொல்கிறேன். காற்று அடங்கிய, வெயில் உள்ள 24 டிகிரி நாளில் திறந்தவெளியில் அவன் நன்றாகவே மூச்சு விடுவான்.

எடிசன்வாசி

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஜெர்சிசிட்டி அவர்கள் சொன்ன தேதிச் சிக்கல் உண்மையானது. என் கணவரும் நானும் கலந்து பேசி, தேதியிட்ட சீட்டு வேண்டிய இரண்டு பூங்காக்களை மட்டும் வாரத்தின் முன்பகுதியில் பதிவு செய்வது, கடைசி மூன்று நாள்களை எதற்கும் கட்டாமல் விட்டுவைத்து அவற்றில் காற்று அடங்கிய நாளை நீர்ப்பூங்காவுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மூன்று நாளும் குளிர்ந்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான்; அதை இப்போதே அவர்களிடம் சொல்லிவைத்துவிட்டோம்.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. மாமனாருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. அவர்கள் இருவரையும் நீர்ப்பூங்காவில் நாற்காலியில் உட்காரவைப்பதா, விடுதியில் விட்டுச் செல்வதா? குளிர் மிகுந்து நீர்ப்பூங்கா நின்றுபோகும் நாளில் எல்லோரும் சேர்ந்து போகக்கூடிய இடம் ஏதாவது இருக்கிறதா?

செவிலி

இரத்த அழுத்தம் உள்ள பெரியவர் குளிர்ந்த காற்றில் நனைந்து நிற்பது நல்லதன்று. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். விடுதியில் வெந்நீர்த் தொட்டி இருந்தால் அங்கே கால் நனைக்கட்டும் என்று நினைக்கத் தோன்றும். சர்க்கரையால் பாதங்களில் உணர்வு குறைந்திருந்தால் அந்தச் சூட்டின் அளவு அவருக்குத் தெரியாமல் போகலாம், தொட்டியிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றலும் வரலாம். மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க விரும்பினால் வெயில் படும், வடக்குப் பக்கம் செடியோ சுவரோ காற்றை மறைக்கும் நாற்காலிகளைக் காலையிலேயே பிடித்து, உலர்ந்த உடையோடு சால்வை போர்த்தி உட்காரட்டும். உலர்ந்திருக்கும் வரை 24 டிகிரி அவர்களுக்கு இதமான வெப்பம்தான்.

கிஸ்ஸிமிக்காரர்

குளிர்ந்த நாளுக்கான இடத்தை நான் சொல்கிறேன், அது அந்த நாளுக்கென்றே அமைந்த இடம். ஆர்லாண்டோவுக்கு வடக்கே ஆரஞ்சு சிட்டி என்னும் ஊரில் ப்ளூ ஸ்பிரிங் மாநிலப் பூங்கா இருக்கிறது. அங்கே நிலத்தடியிலிருந்து பொங்கும் ஊற்றின் நீர் ஆண்டு முழுவதும் 22 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். அருகே ஓடும் செயிண்ட் ஜான்ஸ் ஆறு குளிர்காலத்தில் அதற்குக் கீழே குளிர்ந்துவிடும். மானட்டீ என்னும் கடற்பசுக்களால் 20 டிகிரிக்குக் கீழான நீரைத் தாங்க முடியாது. ஆகவே குளிர் ஏற ஏற அவை ஆற்றை விட்டு நூற்றுக்கணக்கில் இந்த ஊற்றுக்கு வந்து சேர்கின்றன. மூன்று மீட்டர் நீளமுள்ள அந்த உருவங்கள் தெளிந்த நீரில் அடுக்கிவைத்தாற்போல் அசையாமல் கிடந்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூக்கை மட்டும் மேலே நீட்டி மூச்சு விட்டுவிட்டு இறங்கும். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை அங்கே மனிதர்கள் நீந்துவதற்குத் தடை. கரையோரம் போட்ட மரப்பலகை நடைபாதையில் நின்று பார்க்கலாம், மாமாவும் அத்தையும் சிரமமின்றி நடக்கக்கூடிய பாதை அது. அவர்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தை ஒட்டிய பாக் விரிகுடாவில் 2022இல் தமிழ்நாடு அரசு காப்பகம் அறிவித்த ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு இந்த மானட்டீ நெருங்கிய உறவு. ஆவுளியாவின் வால் பிளந்திருக்கும், இதன் வால் துடுப்புப்போல் வட்டமாக இருக்கும். மாமாவே பார்த்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

நீர்ப்பூங்கா மூடும் அளவுக்குக் காற்று குளிர்ந்த காலையில்தான் அங்கே மானட்டீக்கள் மிக அதிகமாக இருக்கும். அதே காரணத்தால் கூட்டமும் அதிகம். வண்டி நிறுத்துமிடம் நிரம்பிவிட்டால் வாயிலை மூடிவிடுவார்கள். காலை எட்டு மணிக்குத் திறக்கும்போதே வாயிலில் நிற்கும்படி கிளம்புங்கள், கிஸ்ஸிமிப் பக்கம் தங்குவதாக இருந்தால் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும்.